நெடுநாள் நின்ற லாரியின் எஞ்சின் சூடேறுவது ஏன்?

விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும், பண்ணுருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. மேற்கே விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்கள், வடமேற்கே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள், தெற்கே வீராணம் ஏரியின் பாசனம் பெறும் நன்செய்கள். இவற்றின் நடுவே இருக்கும் இவ்வூரில் லாரியின் ஓசை கேளாத நாள் இல்லை. எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரைவைக்குத் திறந்துவிட்டால், கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இக்காலத்தில்தான் சிலருக்கு, கொட்டகையிலோ வேப்ப மரத்தடியிலோ பல ஆண்டுகளாக நிற்கும் பழைய லாரியின் நினைவு வரும். நம் நாட்டில் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு 1954-இல் கூட்டுச் சேர்ந்து செய்யத் தொடங்கிய லாரியை மக்கள் ‘பென்ஸ் லாரி’ என்றே அழைத்தனர். சென்னையை அடுத்த எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் லாரிகளும் மூலை முடுக்கெல்லாம் ஓடின. அவ்வகை லாரிகளின் எஞ்சின்கள் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. பொறுமையோடு பார்த்தால் பெரும்பாலும் சீர்ப்படுத்தக் கூடியவை. ஆயினும், இவற்றை மீண்டும் ஓட்டுவோர் முதலில் காணும் தொல்லை ஒன்று உண்டு. சில கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் சூடேறி நீர் கொதிப்பதே அது.

வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போதல் நன்று. காலம் கடக்கக் கடக்க எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே, பாதி வழியில் கொதித்து நிற்கும் லாரி தன் உடையவருக்கு மட்டுமன்றிக் கரும்பு விளைத்தவருக்கும் நட்டம் தேடித் தருகிறது. கொதிக்கும் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் கண்டு, அதுவரை செய்த செலவெல்லாம் வீணாகும். அவசரப்பட்டு மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தோரும் உண்டு. இத்தொல்லை ஏன் நேர்கிறது, அதனை எந்த வரிசையில் நீக்குவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இங்குக் கூறுவன நீரால் குளிரும் டிராக்டர், டீசல் பம்ப்செட், மின்னாக்கி ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று, அவ்வண்டியின் பதிவைப் புதுப்பிக்க இயலுமா, தகுதிச் சான்று கிடைக்குமா, நிலுவை வரி எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் இன்றிச் சாலையில் செல்லலாகாது. ஊராட்சிக்குச் சொந்தமான வண்டியாயின் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உரிய 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அத்தகைய வண்டிக்கு மன்ற நிதியைச் செலவிடுதல் பயனற்றது. சாலையில் ஓட உரிமையுள்ள வண்டி என்று உறுதியான பின்னரே மேலே செல்லுதல் வேண்டும்.

எஞ்சினுக்குள் ஓடும் வாய்க்கால்

டீசல் எரிந்து எழும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது. ரேடியேட்டரின் அடியிலிருந்து குளிர்ந்த நீரை வாட்டர் பம்ப் இழுத்து எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீரறைகளில் புகுந்து, ஹெட்டுக்கு ஏறி, தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கி வால்வைக் கடந்து, மேல் குழாய் வழியாக ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குத் திரும்புகிறது. அங்கிருந்து மெல்லிய குழல்களில் இறங்கும்பொழுது விசிறி இழுக்கும் காற்றினால் குளிர்கிறது.

பாசனம் அறிந்த நம் உழவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டிலிருந்து வெள்ளாறு ராஜன் வாய்க்காலில் செல்லும் நீரைப் போன்றதே இந்நீரோட்டம். தெர்மோஸ்டாட்தான் மதகு. பம்புக்கு அருகிலுள்ள முதல் சிலிண்டர் தலைமடை. பம்புக்கு மிகத் தொலைவில், எஞ்சினின் பின்கோடியில் உள்ள கடைசிச் சிலிண்டர் கடைமடை. வாய்க்காலில் வண்டல் படிந்தால் எந்த வயல் முதலில் காய்கிறது? கடைமடை வயலே. எஞ்சினிலும் அங்ஙனமே. துருவும் சேறும் ஓட்டம் தளர்ந்த இடத்தில், அதாவது பின்கோடிச் சிலிண்டரின் அடிப்புறத்தில்தான் பெரும்பாலும் படிகின்றன. முன்புறம் குளிர்ந்திருக்க, பின்புறம் வெந்துகொண்டிருக்கும். உஷ்ணமானியின் உணர்கருவி முன்புறத்தில் பொருத்தப்பட்ட எஞ்சினில் ஓட்டுநர் இதனைக் கடைசி வரையில் அறியமாட்டார்.

நின்ற காலத்தில் நேர்வன

ஓடாத வண்டி தேயாது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. நிற்கும் வண்டியில் நேரும் கேடுகள் கண்ணுக்குத் தெரியாதவை.

நீர் பாதியளவு தங்கிய எஞ்சினில், நீரும் காற்றும் சேரும் வரையில் துரு விரைவாக ஏறும். இரும்பு துருவாகும்பொழுது இரண்டு மடங்குக்கு மேல் பருத்து, செதிலாக உதிர்ந்து, வழியை அடைக்கும். முன்பு ஊற்றிய ஆழ்குழாய்க் கிணற்று நீரிலிருந்த சுண்ணாம்பு, சோறு வடிக்கும் பாத்திரத்தில் படிவதைப் போல நீரறைச் சுவரில் ஏடாகப் படிந்திருக்கும். இவ்வேடு உஷ்ணத்தைக் கடத்தும் திறத்தில் வார்ப்பிரும்பைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல் தாழ்ந்தது. ஆதலால் நீர் நிறைய இருந்தும் உஷ்ணம் நீருக்குள் வந்து சேராது.

வாட்டர் பம்பின் சீல் உலர்ந்து வெடிக்கும். தெர்மோஸ்டாட் மூடியபடியே ஒட்டிக்கொள்ளும். ரப்பர்க் குழாய்கள் வெளியே நல்ல தோற்றமுடையனவாயினும் உட்புறம் இற்று உரிந்திருக்கும். ரேடியேட்டரின் இதழ்களில் குளவி கூடு கட்டியிருக்கும். காற்று வடிகட்டியில் எலி வளை வைத்திருக்கும். விசிறி பெல்ட் விறைத்து வழுக்கும். டீசல் தொட்டியில் நீரும் கசடும் சேர்ந்து இன்ஜெக்டர்களை அடைக்கும். இவையன்றி, எளிதில் நினைவுக்கு வராத ஒன்றும் உண்டு. நெடுநாள் நின்ற வண்டியில் பிரேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டி, ஓடும்பொழுதும் விடாமல் உராயக்கூடும். அப்பொழுது வெறும் வண்டியும் பாரவண்டியாகி எஞ்சின் சூடேறும். நோய் சக்கரத்தில் இருக்க, மருத்துவம் ரேடியேட்டருக்கு நடக்கும்.

கிளப்புமுன் செய்ய வேண்டியவை

பாட்டரியை மாற்றி உடனே எஞ்சினைக் கிளப்ப முயல்வது பெருந்தவறு. முதற்கண் பழைய நீரை வடிக்க வேண்டும். ரேடியேட்டரின் அடியில் ஒரு குழாய்த் திருகும், எஞ்சினின் பக்கவாட்டில் மற்றொரு திருகும் இருக்கும். பலர் முதலாவதை மட்டும் திறந்து, எஞ்சின் நீரை உள்ளேயே விட்டுவிடுகின்றனர். எஞ்சின் திருகைத் திறந்தும் நீர் வாராவிடின் உள்ளே நீர் இல்லை என்று முடிவு செய்யலாகாது. துவாரத்தில் கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் அங்கேயே நோயின் பாதி தெரிந்துவிடும்.

வடித்த நீரை ஒரு வாளியில் பிடித்து அதன் நிறத்தைக் காண வேண்டும். செந்நிறமாயின் துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் காஸ்கெட்டிலோ ஆயில் குளிர்விப்பானிலோ கசிவு இருக்கலாம். அடுத்து ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர்க்குழம்பைப் போல வெளுத்திருந்தால் அதனுள் நீர் கலந்துள்ளது. அந்நிலையில் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. மெக்கானிக்கிடம் காட்டி, எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆயில் நன்றாயிருப்பினும் பழையதை வடித்துப் புதியதை ஊற்றி, வடிகட்டிகளை மாற்ற வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றி இரண்டு முழுச் சுற்று வந்த பின்னரே மோட்டாரால் சுழற்றலாம். டீசல் தொட்டியைக் கழுவிப் புதிய டீசல் ஊற்றுக. சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றி, பிரேக் விடுகிறதா என்று காண்க.

எப்பொழுது சூடேறுகிறது?

சூடேறுகிறது என்று மட்டும் கூறினால் நோய் விளங்காது. எப்பொழுது ஏறுகிறது என்பதே வழிகாட்டி.

1. கிளப்பிய சில நிமிடங்களிலேயே, நின்றபடியே கொதித்தால், தெர்மோஸ்டாட் ஒட்டியிருத்தல், பம்ப் வேலை செய்யாமை, உள்ளே காற்று அடைபட்டிருத்தல், காஸ்கெட் கசிவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகும்.

2. நிற்கும்பொழுதும் மெல்லச் செல்லும்பொழுதும் சூடேறி, சாலையில் வேகம் பிடித்ததும் தணிந்தால், குறை காற்றில் உள்ளது. விசிறி, பெல்ட், ரேடியேட்டர் இதழ்களின் தூசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. நிற்கும்பொழுது தணிந்திருந்து, பாரத்தோடு ஓடும்பொழுது சூடேறினால், குறை நீரோட்டத்தில் உள்ளது. ரேடியேட்டர் குழல் அடைப்பு, நீரறைச் சேறு, கீழ்க் குழாய் ஒட்டிப்போதல் ஆகியன முதன்மையானவை. டீசல் தெளிக்கும் நேரம் பிந்துதலும் பிரேக் உராய்தலும் இவ்வகையிலேயே சேரும்.

4. முள் உச்சியில் நிற்க, எஞ்சினில் அதற்குரிய வெப்பம் இல்லையெனில், குறை மானியில் உள்ளது. தொடாமலே சூட்டை அளக்கும் கைக்கருவி இப்பொழுது கடைகளில் கிடைக்கிறது. எஞ்சின் முன்புறத்தையும் பின்புறத்தையும் அதனால் அளந்து பார்த்தால் மானியின் குறையும் விளங்கும். கடைமடைச் சேற்றின் அளவும் ஒருவாறு விளங்கும். பொதுவாக நீரின் உஷ்ணம் 75 முதல் 90 டிகிரி வரை இருப்பது இயல்பு.

காசு செலவில்லாச் சோதனைகள்

புதிய பொருள் எதையும் வாங்குமுன் பின்வருவனவற்றைச் செய்து பார்த்தல் வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீருள்ள பாத்திரத்தில் நூலால் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். ஓர் உஷ்ணமானியையும் உடன் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் மீது பொறித்துள்ள டிகிரியில் அது திறக்கத் தொடங்க வேண்டும். மேலும் 10 அல்லது 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதும் திறக்க வேண்டும். திறவாததை எறிந்துவிட்டு அதே அளவுள்ள புதியதைப் போடுக.

ரேடியேட்டரின் இரு குழாய்களையும் கழற்றிவிட்டு, மேல் வாயில் ஒரு வாளி நீரை விரைந்து ஊற்றுங்கள். ஊற்றும் வேகத்தில் கீழே கொட்ட வேண்டும். மேலே ததும்பி நின்றால் குழல்கள் அடைபட்டுள்ளன. ஓடிச் சூடேறிய எஞ்சினை நிறுத்தி, விசிறி நின்ற பின்னர் ரேடியேட்டரின் முகத்தை எச்சரிக்கையுடன் கையால் தடவிப் பார்த்தாலும், குளிர்ந்த திட்டுகள் அடைப்பின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்க வேண்டும். விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் பம்பின் தண்டு ஆடக்கூடாது.

கீழ்க் குழாய் பம்பினால் உறிஞ்சப்படும் குழாய். அது ஒட்டிப்போகாதிருக்கச் சில வண்டிகளில் உள்ளே ஒரு சுருள் கம்பி வைத்திருப்பர். அது துருவேறி இற்றுப்போனால், எஞ்சின் வேகம் எடுக்கும்பொழுது குழாய் சப்பையாகி வழி அடையும்; நின்றதும் பழைய உருவை அடையும். நிற்கும் வண்டியில் இக்குறை தெரியாது. ஒருவர் வேகம் கொடுக்க, மற்றொருவர் எட்ட நின்று பார்த்தே அறிய வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் நீரை விளிம்புவரை நிரப்பி, பெல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்துவைத்து, ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். கிளப்பிய உடனே குமிழிகள் விடாது எழுந்தால், எரிந்த வாயு நீருக்குள் நுழைகிறது என்று பொருள். காஸ்கெட்டோ ஹெட்டோ பழுது. அதற்குத் தேர்ந்த மெக்கானிக்கே வேண்டும்.

தூர் வாரும் முறை

ஓர் உழவர் எட்டு ஆண்டுகள் நின்ற தம் லாரியைக் கிளப்பினார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாறு கிலோமீட்டரில் கொதித்தது. ரேடியேட்டர் பழையது என்று சொல்லக் கேட்டு, பெரும் பொருள் கொடுத்துப் புதியதை வாங்கினார். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பின்னர் முன்போலவே கொதிக்கலாயிற்று. காரணம் யாது? எஞ்சினின் நீரறைகளில் எட்டு ஆண்டுகளாகப் படிந்த துரு, ஓட்டத்தின் அதிர்ச்சியாலும் சூட்டாலும் பெயர்ந்து, நீரோடு சென்று புதிய ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைத்துவிட்டது. வாய்க்காலில் வண்டலை விட்டுவிட்டு வயலை மட்டும் வெட்டிச் சீர்செய்ததற்கு இது ஒப்பாகும்.

ஆகையால் வரிசை மிக முக்கியம். முதலில் எஞ்சின், அதன்பின் ரேடியேட்டர், கடைசியில் புதிய உதிரிகள்.

எஞ்சினைத் தூர் வார, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ரேடியேட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் விலக்க வேண்டும். தோட்டத்துக் குழாயை மேல் வாயில் பொருத்தி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நீரை விடுக. எதிர்நீர் விடும்பொழுதுதான் மூலையில் சிக்கிய செதில்கள் பெயரும். எஞ்சின் பக்கங்களில் வட்டமான தகட்டு மூடிகள் பதிக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இவற்றைக் கோர் பிளக் என்பர். பின்கோடியில் உள்ளதை எடுத்துவிட்டு, வளைத்த கம்பியால் சேற்றைச் சுரண்டி, நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். நெடுநாள் நின்ற எஞ்சினில் இம்மூடிகளே துருவால் ஓட்டையாகும் நிலையில் இருக்குமாதலால், புதியன போடுவதே முறை. தெளிந்த நீர் வரும் வரையில் இவ்வேலையை நிறுத்தலாகாது.

ரேடியேட்டரைத் தனியே கழற்றி, கீழிருந்து மேலாக மென்மையான அழுத்தத்தில் நீர் விடுக. அடைப்பு விலகாவிடின், ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியின் பற்றவைப்பை நீக்கி, ஒவ்வொரு குழலிலும் மெல்லிய கம்பி விட்டுத் துலக்கி, மீண்டும் பற்றவைப்பர். பித்தளையும் செம்பும் கொண்ட பழைய ரேடியேட்டருக்கு இது ஏற்றது. வெளி இதழ்களை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக நீர் பீய்ச்சிக் கழுவினால் தூசி வந்த வழியே வெளியேறும்.

சிலர் விரைவில் முடிய வேண்டும் என்று குளியலறை கழுவும் அமிலத்தை ஊற்றுகின்றனர். அது துருவைத் தின்னும். உடன் பற்றவைப்பையும் மெல்லிய உலோகத்தையும் தின்னும். இதனைக் கண்டிப்பாகச் செய்யலாகாது. சுண்ணாம்பேடு கனமாயிருந்தால், எஞ்சினுக்கென்று விற்கப்படும் கழுவுமருந்தை அதன் உறையில் கண்ட அளவிலும் நேரத்திலும் பயன்படுத்தி, பின்னர் பல முறை நல்ல நீரால் அலச வேண்டும்.

எல்லாம் பூட்டிய பின்னும், முதற்சில ஓட்டங்களில் எஞ்சியுள்ள துரு பெயரும். மேல் குழாய் ரேடியேட்டரில் சேரும் வாயில் ஒரு சிறு கம்பி வலையைத் தற்காலிகமாக வைத்தால் அது துருவைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும், எஞ்சின் ஆறியபின் அதை எடுத்துக் கழுவ வேண்டும். மறந்துவிட்டால் வலையே அடைப்பாகிவிடும்.

மதகைப் பிடுங்கலாமா?

சூடேறும் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. நம் நாட்டின் வெயிலுக்கு அது வேண்டியதில்லை என்றும் கூறுவர். ஏரி மதகைப் பிடுங்கிவிட்டால் பாசனம் பெருகாது என்பதை நாம் அறிவோம். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்பொழுது குறுக்கு வழியை அடைக்கும். அதை நீக்கினால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கே சுற்றி, சூடு முன்னிலும் அதிகமாகும். மற்ற எஞ்சின்களில் நீர் எப்பொழுதும் குளிர்ந்தே இருந்து, டீசல் சரியாக எரியாமல் சிலிண்டர் விரைவில் தேயும். இரண்டும் தீங்கே.

எந்த நீரை ஊற்றுவது?

சோப்பு எளிதில் நுரைக்காத நீர் எஞ்சினுக்கு ஆகாது. உப்பு நீர் அதனினும் கொடிது. சுத்தமான கூரையிலிருந்து, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்து வடிகட்டிய மழைநீரோ, பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ நல்லது. அதனோடு துருவைத் தடுக்கும் கூலண்ட் என்னும் திரவத்தை, அதன் உறையில் கண்ட அளவில் கலக்க வேண்டும். பனி உறையாத நம் ஊரில் அது எதற்கு என்று கேட்கலாம். உறைபனிக்காக அன்று, துருவுக்காகவே நமக்கு அது வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. வடித்ததைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ விட்டால் மாடும் நாயும் குடித்து மாளும். குழந்தைகள் எட்டாத இடத்தில் மூடி வைத்து, பட்டறையில் சேர்ப்பிக்க வேண்டும்.

நீரை மெல்ல ஊற்றுக. காற்று வெளியேறும் திருகு இருப்பின் அதைத் திறந்து வைக்க. எத்தனை லிட்டர் கொண்டது என்று எண்ணுவதும் பயனுடையது. வண்டியின் கைப்புத்தகம் 24 லிட்டர் என்று கூற, 20 லிட்டரிலேயே நிரம்பிவிட்டால், மீதி 4 லிட்டர் இடத்தில் காற்றோ சேறோ உள்ளது என்பது தெளிவு.

வழியில் கொதித்தால்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அதில் வில்லும் வால்வும் உண்டு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீரை ஏறக்குறைய 110 டிகிரி வரை கொதியாமல் அடக்கி வைக்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் முழுதும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும். ஆதலால் வண்டியை ஓரம் கட்டியதும் மூடியைத் தொடக்கூடாது. நீர் ஒழுகிப் போகாமலும் பெல்ட் அறுபடாமலும் இருந்தால் இரண்டொரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துக. இல்லையேல் உடனே நிறுத்துக. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, தடித்த துணியை மடித்துப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதலில் கால்பங்கு மட்டும் திருகி ஆவியை வெளியேற்றிய பின்னரே திறக்க வேண்டும்.

குளிர்ந்த நீரை எஞ்சின்மேல் வாரி இறைப்பதும், உள்ளே உடனே ஊற்றுவதும் கூடாது. பீங்கான் சூளையை ஆறவிடாமல் திறந்தால் பாண்டங்கள் வெடிக்கும் என்பதை விருத்தாசலத்துத் தொழிலாளி நன்கறிவார். வெந்த வார்ப்பிரும்பும் அதற்கு விலக்கன்று.

மிகப் பழைய சில லாரிகளில் அழுத்தமில்லாத சாதாரண மூடியே இருந்தது. அவற்றுக்குப் புதுவகை அழுத்த மூடியைப் போட்டால் பழைய பற்றவைப்பு பிளந்துவிடும். வண்டிக்குரிய மூடியையே போட வேண்டும்.

வெள்ளோட்டம்

பழுது நீங்கியது என்று எண்ணி முதல் நாளே பாரம் ஏற்றலாகாது. முதலில் நின்றபடி 20 நிமிடம் ஓட்டி, முள் எங்கு நிற்கிறது என்று குறித்துக்கொள்க. ஆறியபின் நீரளவையும் ஆயிலின் நிறத்தையும் பார்த்து, வெறும் வண்டியை 5 கிலோமீட்டர் ஓட்டுக. அடுத்து அரைப் பாரம். பின்னரே முழுப் பாரம். ஒவ்வொரு படியிலும் முள் முன்னதைவிட மிக ஏறினால் அங்கேயே நின்று காரணம் தேட வேண்டும். ஹெட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தால், சில ஓட்டங்களுக்குப் பின் அதன் திருகுகளைக் கைப்புத்தகம் கூறும் வரிசையில் மீண்டும் இறுக்கச் செய்க. முதல் வார முடிவில் நீர் முழுவதையும் வடித்து, தெளிந்திருக்கிறதா என்று பார்த்தல் நலம்.

மீண்டும் நிறுத்தும்பொழுது

அரைவைக் காலம் முடிந்து வண்டியை நிறுத்தும்பொழுது, நீரைக் கூலண்டோடு விளிம்புவரை நிரப்பி வைக்க வேண்டும். அல்லது முற்றும் வடித்து உலர்த்தி, ‘நீர் இல்லை’ என்று எழுதிய அட்டையை ஸ்டீரிங்கில் கட்டி வைக்க வேண்டும். பாதி நீரோடு விடுவதே மிகக் கெடுதல். மாதம் ஒரு முறை கிளப்புவோர், இரண்டு நிமிடத்தில் நிறுத்தாமல், எஞ்சின் முழுச் சூட்டை அடையும் வரை ஓட்டுதல் வேண்டும். அரைகுறையாக ஓட்டினால் உள்ளே ஈரம் சேர்ந்து ஆயில் கெடும். புகைக்குழாயையும் காற்று வாயையும் துணியால் அடைத்து, கிளப்புமுன் அதை எடுக்க வேண்டும் என்பதையும் அட்டையில் எழுதுக.

ஊராட்சிகள் செய்யத்தக்கன

நிற்க. இது தனி மனிதர் வேலை, இதில் ஊராட்சிக்கு என்ன பங்கு என்று சிலர் வினவலாம். குடிநீர்த் திட்டத்துக்கென்று மின்னாக்கி வைத்துள்ள ஊராட்சிகளில் அதுவும் ஆண்டில் பல மாதம் நின்றுகிடக்கும் எஞ்சின்தான். புயல் அடித்து மின்சாரம் அற்ற இரவில் அது கொதித்து நின்றால் ஊரே தாகத்தால் தவிக்கும். கடலூர் மாவட்டத்தில் 2011 டிசம்பரில் வீசிய தானே புயலுக்குப் பின் மின்சாரமின்றி நாட்கள் பல கழிந்ததை நம் மக்கள் மறக்கவில்லை. ஆகவே, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மின்னாக்கியின் நீர், பெல்ட், குழாய், ஆயில் ஆகிய நான்கையும் சோதித்து, பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அதனை ஏட்டில் பதிவு செய்வதை ஊராட்சி உறுப்பினர்கள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். கரும்பு வெட்டுமுன் உழவர்கள் ஒன்றுகூடி, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, தத்தம் வண்டிகளை ஒரே நாளில் காட்டிக்கொள்ள ஊராட்சி இடமும் நீரும் உதவலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

கோடையில் நாம் வாய்க்காலைத் தூர் வாருவது, மழைக்காலத்தில் கடைமடைக்கும் நீர் ஏற வேண்டும் என்பதற்காகவே. எஞ்சினுக்குள் ஓடும் சிறு வாய்க்காலுக்கும் அதே கவனத்தைச் செலுத்துவோமாயின், பல ஆண்டுகள் நின்ற பழைய லாரியும் விளைந்த கரும்பை வாடுமுன் ஆலை வாயிலில் சேர்ப்பிக்கும் என்பது உறுதி.